புல்தரைக்குப் பதில் பொடுதலை

ஸ்ட்ராபெரிக் கொடி தரை மூடிப் படர்ந்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டை வீட்டு முற்றத்திலும் அப்படி வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கொடைக்கானல் குளிருக்குச் சரி. நம் சித்திரை வெக்கைக்குத் தாங்காது. அதே மாதிரி கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் செடி தாமிரபரணி வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் சும்மா கிடக்கிறது. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற பொடுதலைதான்.

அடையாளம்: இலையின் மேல்பாதியில் மட்டும் பல் பல்லாக இருக்கும், காம்புப் பக்கம் கூம்பிவரும். இலைக்கக்கத்திலிருந்து நீண்ட காம்பு கிளம்பி, நுனியில் திப்பிலி போன்ற சிறு கதிர். அதைச் சுற்றி வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ. நர்சரியில் தரைமூடி என்று கேட்டால் மஞ்சள் பூப் பூக்கும் சிங்கப்பூர் டெய்சியை எடுத்து நீட்டுவார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஓடைக்குள் இறங்கினால் மற்ற எதையும் வாழவிடாது. வாங்காதீர்கள்.

உண்மையான வேலை நடுவதற்கு முன்பே இருக்கிறது. கோரைக் களையை ஒழிப்பதுதான் அது. வைகாசியிலேயே ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கி, மிச்சத்தை வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு மழை பெய்ததும் மறுபடி முளைக்கும். அப்போது கிழங்கோடு பிடுங்க வேண்டும். மேலே கிள்ளிப் பயனில்லை, அடியில் சங்கிலியாகக் கிழங்கு கிடக்கும். இரண்டு மூன்று சுற்று இப்படி எடுக்காமல் நட்டால், பொடுதலைக்கு நடுவே கோரை எழும்பும். அப்புறம் இரண்டையும் பிரிக்கவே முடியாது. அறுகும் அப்படித்தான்.

புரட்டாசிக் கடைசியில் நடலாம். வடகிழக்குப் பருவமழை பாதித் தண்ணீர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு கணு உள்ள தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கைவாட்டில் பதித்து, காலால் லேசாக அழுத்துங்கள். 25 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 16 தண்டு. பத்துக்குப் பத்தடி இடத்துக்கு 150 போதும். நறுக்கிய தண்டை வெயிலில் போட்டுவைக்கக் கூடாது, ஈரச்சாக்கில் சுற்றி அன்றைக்கே நட்டுவிட வேண்டும். வேர் பிடிக்கும்வரை தினமும் பூவாளியால் தண்ணீர். பிறகு மழையில்லாத காலத்தில் வாரம் ஒருமுறை முழுக்க நனைத்தால் போதும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

யூரியா போடாதீர்கள். இலை கொழுத்து, பூ குறைந்து, தண்டு எழும்பி நிற்கும். மாமர அடி நிழலிலும் இதே கதிதான். அங்கே ஈரம் நிற்குமானால் வல்லாரை மேல்.

திசையன்விளைப் பக்கத்து மணல்தரையில் திட்டுத் திட்டாக மஞ்சளித்து வாடினால் ஒரு தண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்புழு. கத்தரி, தக்காளி, வெண்டை நின்ற பாத்தியில் இது அதிகம் வரும். அந்தத் திட்டைத் தோண்டி எடுத்துவிட்டு, சதுர மீட்டருக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கைக் கலந்து, வேறு இடத்துத் தண்டை நடுங்கள்.

பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். இலையைக் கடித்திருக்கும் முள்முள்ளான புழு பெரும்பாலும் மயில் வசீகரன் பட்டாம்பூச்சியின் பிள்ளையாக இருக்கும். பூக்காலத்தில் தேனீயும் மொய்க்கும். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் முற்றம் என்றால், பூ வந்ததும் இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டிவிடுங்கள்.