தெர்மாகோல் மேல் ஒரு குன்னூர்

நீலகிரி மலை ரயிலின் சின்ன மாதிரி ஒன்றை வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முதலில் பிளைவுட்டில்தான் அடித்தளம் போட்டேன். குன்னூரில் ஐப்பசி மழை பத்து நாள் விடாமல் பிடித்தால் அலமாரிக் கதவே மூட மறுக்கும். பலகை உப்பி, தண்டவாள இணைப்புகள் வாயைப் பிளந்துகொண்டன. சரி, ஃபோம் போர்டுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டி ஃபோம் பலகை, நான்குக்கு இரண்டு அடி. ஈரம் குடிக்காது. ஒற்றைக் கையால் தூக்கிப் பீரோ மேல் வைத்துவிடலாம். வெள்ளைத் தெர்மாகோலும் வேலைக்கு ஆகும், ஆனால் அறுத்தால் வீடெங்கும் மணி மணியாகப் பறக்கும். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

பசைதான் பாடம் கற்பித்தது. செருப்பு ஒட்டும் ரப்பர் பசையைத் தடவினேன், ஃபோம் கரைந்து பள்ளமே விழுந்துவிட்டது. அப்புறம் வெள்ளைப் பசை. அதுவும் இரண்டு ஃபோம் பலகைகளுக்கு நடுவே காற்றுப் போகாமல் ஒரு வாரம் ஈரமாகவே இருந்தது. இப்போது மெலிதாகத் தடவி, பல் குச்சிகளைக் குத்தி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுகிறேன். ஆணி நிற்காது, தண்டவாளத்தையும் ஒட்டத்தான் வேண்டும்.

மலையடிவாரக் கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நிஜப் பாதையில் சரிவு 12-க்கு 1. அதை அப்படியே 60 செ.மீ. நீளத்தில் 5 செ.மீ. உயரமாகச் செதுக்கினேன். நிஜ ரயிலுக்குத் தண்டவாள நடுவே உள்ள பற்களைப் பற்றி ஏறப் பல்சக்கரம் இருக்கிறது. என் எஞ்சின் பாதி வழியில் நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.