ஏழாயிரம்னு ஒரு நம்பர்

போடியில ஏலக்காய் யாவாரி கடையில வேலை, காய் தரம் பாக்குறது, கணக்கு, ஏலத்தன்னைக்கு சாம்பிள் பாத்து ஓனருக்கு வெலை சொல்றது எல்லாம் நம்ம தலையிலதான். காய் குடுக்குற தோட்டக்காரப் பார்ட்டிங்க பாதிப்பேரு மலைக்கு மேல, கேரளா இடுக்கியில வண்டன்மேடு நெடுங்கண்டம் பக்கம்.

2018 வெள்ளத்துல இடுக்கியில நெறைய தோட்டம் அடிவாங்கி, அடுத்த வருஷம் மழையும் ஏமாத்தி, வரத்து கொறஞ்சு, 2019 ஆகஸ்ட்ல இடுக்கி புத்தடியில நடந்த ஏலக்காய் ஏலத்துல கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சு. அது ஏதோ ஒரு லாட்டுக்கு, அதாவது ஏலத்துல சேத்து விட்ட ஒரு தொகுதிக் காய்க்கு, விழுந்த உச்ச வெலை, அன்னைக்கு சராசரியே அதுக்கு எவ்வளவோ கீழ, ஆனா எல்லார் மண்டையிலயும் ஒக்காந்தது 7,000 மட்டுந்தான். 2022ல ஆயிரத்துக்கும் கீழ எறங்குனப்ப "ஏழாயிரம் பாத்த காய் தம்பி, இந்த வெலைக்கா குடுக்கச் சொல்ற?"ன்னு மூட்டையத் திருப்பிக் கொண்டுபோனவங்கள பாத்திருக்கேன்.

முன்னாடி மனசுல விழுந்த ஒரு நம்பரு, அப்பறம் நாம போடுற மதிப்பையும் தன் பக்கமே இழுக்கும், இதத்தான் ஆங்கரிங்னு சொல்றாங்க. ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல்காரங்க 1974ல எழுதுன கட்டுரையில ஒரு சக்கரம் வருது, சுத்துனா 10லயோ 65லயோதான் நிக்கும், அப்பறம் ஐநா சபையில ஆப்பிரிக்க நாடுங்க எத்தனை சதவீதம்னு கேட்டா 10 பாத்தவங்க சுமாரா 25ங்கிறாங்க, 65 பாத்தவங்க 45ங்கிறாங்க. சம்பந்தமே இல்லாத சக்கரமே இப்படி இழுக்குதுன்னா, குத்தகை, கடன், பொண்ணு கல்யாணம்னு எல்லாத்தையும் அந்த வெலைய நம்பிப் பேசி முடிச்ச மனுசன என்ன பண்ணும்? பேராசைன்னு கடையில ஈசியா சொல்லிருவாங்க, எனக்கு அப்படித் தோணல.

காயும் சும்மா காத்திருக்காது. என்னதான் பாலித்தீன் போட்டுக் கட்டி வச்சாலும் பச்சை வெளுத்துரும், வெளுத்துட்டா வெலையும் போச்சு. இதுல குவாத்தமாலாக்காரனும் நெறைய வெளைவிக்கிறான், அவனுக்கு நம்ம 7,000 ஞாபகமா இருக்கப் போகுது!

2024 கடைசியில திரும்ப ஏறுச்சு, ஒடனே டீக்கடையில ஆளாளுக்கு "நான் அப்பவே சொன்னேன்ல". சொன்னதா எனக்கு ஞாபகமில்ல.

வாங்குற நாங்க மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்ல. போன ஏலத்து சராசரி தெரிஞ்சுட்டா காய எப்படி உருட்டிப் பாத்தாலும் வாயில அதுக்குப் பக்கத்து வெலைதான் வருது. அதான் இப்பல்லாம் வெலை நிலவரம் பாக்குறதுக்கு முன்னாடியே சாம்பிளப் பாத்து துண்டுச்சீட்டுல எழுதி வச்சுர்றேன். ஓனருக்கு அதுலயும் நம்பிக்கை இல்ல, "நேத்து வந்த வெலை மெசேஜ் பாத்துட்டுத்தான எழுதுன?"ன்னு, பழைய காயையும் புதுக்காயையும் பேர் போடாம தட்டுல கொட்டி எனக்கே பரீட்சை வைக்கிறாரு.