விடியுமுன் எடுத்த தண்ணீர்

ஏரித் தண்ணீரின் தரத்தைச் சோதிப்பது என் வேலை என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி வந்துவிடும்: "எங்க ஏரித் தண்ணி நல்லா இருக்கா மேடம்?" ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றை எதிர்பார்ப்பார்கள். "எந்த நேரத்துத் தண்ணீர்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மழுப்புவதுபோலத் தோன்றும். ஆனால் இத்தனை வருட வேலையில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான். உச்சிவெயிலில் இருக்கும் ஏரி வேறு, விடியுமுன் இருக்கும் ஏரி வேறு.

நான் அதிகம் சுற்றியது தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகளை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் கலங்கலில், அதாவது உபரிநீர் வெளியேறும் வழியில், வழியும் தண்ணீர் அடுத்ததை நிரப்பி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அதற்குக் கணக்கில் வந்த பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். மேலே உள்ள ஏரிகளில் எது நடந்தாலும் அதன் பலன் பள்ளிக்கரணையில் தெரியும். அதனால்தான் சதுப்புநிலத்தைப் படிக்க வந்த நான் ஏரிகளில் போய் நின்றேன்.

இவை எல்லாம் பாசனத்துக்கு வெட்டிய ஏரிகள். ஆழம் குறைவு. கார்த்திகையில் நிரம்பும், தையில் மதகு திறப்பார்கள், சித்திரை வைகாசியில் தரை வெடிக்கும். காய்ந்த வண்டலை வண்டி வைத்து அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள். வருடத்துக்கு ஒருமுறை வற்றுவது ஏரிக்கு நோய் இல்லை, சிகிச்சை. சேற்றில் வெயிலும் காற்றும் புகும், சேர்ந்த சத்து வண்டலோடு வெளியேறும். இன்று ஏரி பாய்ந்த ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனை ஆகிவிட்டன, மதகைத் திறக்க ஆளில்லை. பதிலுக்குத் தெருச் சாக்கடை பன்னிரண்டு மாதமும் உள்ளே வருகிறது. மே மாதத்திலும் ஏரி நிரம்பி நிற்பதைக் கரையில் நடப்பவர்கள் சந்தோஷமாகக் காட்டும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த மாதத்தில் அங்கே தண்ணீர் இருக்கக் காரணமே கழிவுநீர்தான்.

சோதனைக்கு வருகிறேன். மீன் வாழ ஒரு லிட்டர் நீரில் 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனாவது வேண்டும், குளிக்கத் தகுந்த நீரென்றால் 5 வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. நாங்கள் வண்டி கிளம்பி, ஐஸ் பெட்டி ஏற்றி, நெரிசலைக் கடந்து கரைக்குப் போய்ச் சேர பத்தரை பதினொன்று ஆகிவிடும். மாதிரி எடுத்து மாலைக்குள் ஆய்வகம் திரும்ப வேண்டும். நான் பார்த்த ஆய்வகங்களில் இதே நடைமுறைதான். பச்சைப் பசேலென்று பாசி மண்டிய ஏரியிலும் அந்த நேரத்தில் ஆக்சிஜன் 9, 10 என்று காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீரால் இயல்பாகத் தாங்க முடிந்ததே சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதற்கு மேல் இருப்பது பாசி வெயிலில் உமிழ்ந்தது. தாளில் மட்டும் அது 'வரம்புக்குள் உள்ளது' என்று பதிவாகும்.

ஓர் ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் நாங்கள் பாட்டிலை அமுக்குவதைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "இம்மாம் வெயில்ல வந்து தண்ணி எடுத்தா இன்னாம்மா தெரியும்? வெள்ளி மொளைக்கிற நேரத்துல வந்து பாரு. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகினு நிக்கும்."

"தினமுமா ஐயா?"

"மோடம் போட்ட மறுநாளு ரொம்ப. கெண்டைதான் மொதல்ல சாவும். வெராலு தாங்கும், ஜிலேபி தாங்கும்."

ஒரு பாடப்புத்தக அத்தியாயமே அந்தச் சில வாக்கியங்களில் இருந்தது. பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் அதே பாசி, சேற்றுப் பாக்டீரியா, மீன் எல்லாம் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். கையிருப்பு மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன். மேகம் மூடிய நாளில் பகல் வரவும் குறைந்துவிடுவதால் மறுநாள் விடியல் இன்னும் மோசம். விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கத் தெரிந்த மீன். கெண்டைக்கு அந்த வழி இல்லை. அவர் காரணம் சொல்லவில்லை, வரிசையைச் சொன்னார். அந்த வரிசை அப்படியே சரி.

அடுத்த முறை இரவே போய்க் கரையில் காத்திருந்து, கிழக்கு வெளுக்குமுன் பரிசலில் இறங்கினோம். கையடக்கக் கருவி இருந்தாலும் நான் விங்க்ளர் முறையிலும் பார்ப்பேன். ஹங்கேரியின் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை, இன்னும் அதற்கு ஈடு இல்லை. குமிழி புகாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சில துளிகள் விட்டு, மூடிக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் மேகம்போலத் திரளும். இல்லையென்றால் வெள்ளையாக நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் பாட்டிலைப் பிடித்தபோது வெள்ளை. அடுத்த இடத்திலும் வெள்ளை. சுற்றிலும் மீன்கள் வாய் பிளந்து மேற்பரப்பைக் குடித்துக்கொண்டிருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில், அதே ஆழத்தில் எடுத்த பாட்டில் அடர்ந்த பழுப்பு. ஒரே நாளில் ஒரே ஏரி இந்த இரண்டாகவும் இருந்தது. எங்கள் பதினொரு மணி எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்து, ஏரி நன்றாக இருப்பதாகச் சொல்லிவந்திருக்கிறது.

பகலும் அந்த மீன்களுக்கு நிம்மதியில்லை. பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் பிஹெச், அதாவது அமில-காரத்தன்மையின் அளவு, ஏறி, பிற்பகலில் 9-ஐத் தாண்டும். சாக்கடையோடு வந்த அமோனியா பிஹெச் 7-இல் பெரும்பாலும் தீங்கற்ற அமோனியம் வடிவில் இருக்கும், நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. 30 டிகிரியில் பிஹெச் 9 ஆகும்போது கிட்டத்தட்டப் பாதி நச்சாக மாறிவிடும். விடியலில் மூச்சுத் திணறல், பிற்பகலில் விஷம். ஆக்சிஜன் மிக நன்றாக இருக்கும் அதே மணியில் அமோனியா மிக மோசமாக இருக்கிறது. இதை ஒரே எண்ணில் எப்படிச் சொல்ல முடியும்?

சாக்கடையைச் சுத்திகரித்து விட்டுவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிறவர்களிடம் நான் பாஸ்பரஸைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியின் நடுவே 1973-இல் திரை கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. டேவிட் ஷிண்ட்லர் குழு அப்போது வானிலிருந்து எடுத்த படத்தை இன்றும் வகுப்பில் காட்டுகிறோம். ஏரி பச்சையாக லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸே போதும். பாஸ்பரஸை அகற்றவென்று தனி ஏற்பாடு இல்லாத சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தெளிந்து வரும் நீரில் சில மில்லிகிராம் இருக்கும். கண்ணுக்குத் தெளிவு, மூக்குக்கு வாடையில்லை, பாசிக்கு மட்டும் விருந்து.

நைட்ரஜனுக்கு ஒரு வெளிவழி உண்டு. சதுப்பில் சம்பும் கோரையும் நிற்கும் இடத்தில், வேரோரத்துக் காற்றிலும் அதை ஒட்டிய காற்றில்லாச் சேற்றிலும் பாக்டீரியாக்கள் மாறி மாறி வேலை செய்து அதை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. சேற்றில் இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு அதை விட்டுவிடும், பாஸ்பரஸ் மறுபடி மேலே வரும். கிளிஃபர்ட் மார்ட்டிமர் இங்கிலாந்தின் எஸ்த்வெய்ட் ஏரியில் இதை 1941, 42-லேயே விளக்கிவிட்டார். அதனால் சாக்கடையை இன்றைக்கே நிறுத்தினாலும் பழைய சேறு பல வருடங்கள் ஏரிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே தூர்வார வேண்டியதுதான். ஆனால் எப்படி? சீரமைப்பு என்ற பெயரில் நான் பார்த்த பல வேலைகளில் கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, மேலே நடைபாதை போட்டு முடிக்கிறார்கள். முழங்கால் ஆழமுள்ள சரிந்த ஓரம் போய்விடுகிறது. அந்த ஓரத்தில்தான் காற்று நீரில் எளிதாகக் கலக்கும், கோரை நிற்கும், மீன்குஞ்சு ஒளியும், உள்ளான் பறவை இரை தேடும். ஓரத்தை இழந்த ஏரி தண்ணீர்த் தொட்டி. அதைச் சீரமைப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எத்தனை அடி ஆழம் தோண்டினீர்கள் என்று கேட்கும் கூட்டங்களில் எத்தனை மீட்டர் சரிவான கரை மிச்சம் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்ததும் எங்களுக்கு அழைப்புகள் வரும். மழை, தெருவின் அழுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏரிக்குள் தள்ளி, அடிச்சேற்றையும் கலக்கிவிடும். காலையில் மீன் செத்து மிதக்கும், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊர் பதறும். நாங்கள் மதியம் போய்ச் சேரும்போது வெயில் வந்து ஆக்சிஜன் ஏறியிருக்கும், கருவி எதையும் காட்டாது. இப்போது சில ஏரிகளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே அளந்து பதியும் சிறு கருவிகளைக் கல்லில் கட்டி இறக்கிவைத்திருக்கிறோம். எங்கள் மாதிரிப் படிவத்தில் தேதிக்குப் பக்கத்தில் எடுத்த மணியையும், முந்தைய நாள் வெயிலா மேகமா என்பதையும் எழுதாத தாளை நான் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன். மேகத்துக்கான அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது வலை போடும் அந்தப் பெரியவர்தான்.