தென்காசியில் ஏறி, கடையத்தில் இறங்கி: ஒரு ரயில் இலக்கிய நாள்

ரயிலைப் பற்றிய எழுத்துக்கு என்று ஒரு நாள் விழா நடத்தலாம் என எங்கள் வாசிப்புக் குழுவில் பேச்சு எழுந்தபோது, எந்த ஊரில் என்ற விவாதமே வரவில்லை. பாரதியாரின் 'ரயில்வே ஸ்தானம்' கதை நடப்பது தென்காசி ஸ்டேஷனில். 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து 1920 வரை அங்கே இருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே இன்றும் பாசஞ்சர் ஓடுகிறது. கதை நடக்கும் இடத்தில் கூடி, கதை எழுதியவர் வாழ்ந்த ஊரில் போய் முடிப்பது என்று திட்டம் போட்டோம். வேறு ஊர்க்காரர்கள் யாராவது இதைச் செய்ய நினைத்தால் உதவட்டும் என்று, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பிளாட்பாரத்திலேயே விழா வைக்க ஆசைப்பட்டோம். விசாரித்த இடத்தில் கிடைத்த பதில் தெளிவாகவே இருந்தது. மைக், நாற்காலி, பேனர் என்று வந்துவிட்டால் அது நிகழ்ச்சி. அதற்கு விண்ணப்பம், கட்டணம், பாதுகாப்பு உறுதிமொழி எல்லாம் வேண்டும். அதற்கெல்லாம் செலவழித்து அலைய எங்களுக்குப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. "டிக்கெட் எடுத்துக்கிட்டு பெட்டிக்குள்ள உட்கார்ந்து படிச்சா யாரு கேக்கப் போறா?" என்றார் குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விழா அப்படித்தான் ரயிலுக்குள் போனது. மைக் கிடையாது, பேனர் கிடையாது, யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது என்பது மட்டும் கட்டளை. மதியத்துக்கு மேல் கடையத்தில் ஒரு சின்ன மண்டபம்.

அடுத்த தலைவலி பதிப்புரிமை. படிப்பதற்கான கதைகளை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்க நினைத்தோம். பாரதியில் சிக்கல் இல்லை. 1949-ல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. ஆனால் தமிழில் ரயில் கதை என்றால் பாதிப்பேர் வாயில் முதலில் வருவது தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. அவர் காலமானது 1982-ல். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும், அதாவது 2042 முடியும் வரை. அனுமதி இல்லாமல் கதையை அச்சடித்துக் கொடுக்க முடியாது. நியாயமான அளவுக்கு ஒரு பகுதியை மேடையில் வாசிக்க அதே சட்டம் இடம் தருகிறது. எனவே பாரதி கதையை மட்டும் முழுசாக நகல் எடுத்தோம். மற்றவர்களிடமிருந்து ஒன்றிரண்டு பக்கங்களை மண்டபத்தில் வாசித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. விழா நடத்துகிறவர்கள் இந்த வேலையை மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்கிவிடுவது நல்லது.

உண்மையான வாக்குவாதம் பாரதி கதையைப் பற்றித்தான் நடந்தது. மூன்று பேரைக் கல்யாணம் செய்துகொண்டு அல்லல்படும் ஒரு முஸ்லிம் இளைஞனின் கதை அது. பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் இதை உரக்கப் படித்தால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று ஒருவர் தயங்கினார். வேறு கதை போடலாம் என்றார். எனக்கும் கொஞ்சம் அந்தப் பயம் இருந்தது. கடையத்துக்குப் பக்கத்து ஊரான பொட்டல்புதூரிலிருந்து வருகிற நண்பர்தான் குறுக்கே வந்தார். "கதையோட கடைசியில இருக்கறதையும் சேர்த்துப் படிச்சீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசிப் பகுதி முக்கியமானது. கதையில் அந்த மூன்று பெண்களும் உடன்பிறந்தவர்களாக வருகிறார்கள். எழுதியதைப் பாரதி ஒரு முஸ்லிம் நண்பரிடம் படித்துக் காட்ட, அக்காள் தங்கைகளை ஒருவர் ஒரே சமயத்தில் மணப்பது எங்கள் மார்க்கத்தில் கூடாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். பாரதி அதை மூடி மறைக்கவில்லை. கதையின் அடியிலேயே விஷயத்தைச் சொல்லி, திருத்தத்தையும் எழுதிவிட்டார். வாய்விட்டுப் படித்ததால், பக்கத்தில் இருந்து கேட்ட ஒருவர் கதையைத் திருத்தியிருக்கிறார். ரயிலில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்? 1920-ல் பாரதி இஸ்லாத்தைப் பற்றிப் பேசிய ஊரும் பொட்டல்புதூர்தான். நண்பர் அதையும் நினைவுபடுத்தி, "அந்தக் கடைசிப் பகுதியை நானே படிக்கேன்" என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

ரயிலில் வாசிப்பது வீட்டில் வாசிப்பது போல இல்லை. ஓடும்போது ஜன்னல் இரைச்சலில், எதிர் இருக்கையைத் தாண்டிக் குரல் போகாது. கத்தினால் தொந்தரவு. அதனால் நாலைந்து பேராகப் பிரிந்து, பெட்டியின் வெவ்வேறு இருக்கை வரிசைகளில் உட்கார்ந்து, ஒரே கதையை அவரவர் வேகத்தில் படித்தோம். வண்டி நிற்கும் ஸ்டேஷன்களில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், மூட்டைகள், "தம்பி கொஞ்சம் தள்ளி உக்காருங்க" எல்லாம் அடங்கிய பிறகு மறுபடி தொடங்குவோம். என் வரிசையில் அம்பாசமுத்திரம் போகிற ஒரு அம்மா ஆரம்பத்தில் காது கொடுக்கவில்லை. தென்காசி ஸ்டேஷன் என்ற பெயர் வந்ததும் திரும்பினார். "நம்ம தென்காசியா?" என்றார். அப்புறம் கதையில் வரும் இளைஞனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடையத்துக்கு இறங்க வேண்டிய கீழக்கடையம் ஸ்டேஷன் வந்தபோது எங்கள் வரிசையில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி. "கதைய முடிக்காம இறங்குதியளே" என்றார். கையிலிருந்த நகலை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன்.

பொட்டல்புதூர் நண்பர் தன் பகுதியை நடைமேடையில், வண்டி போன பிறகு, எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து வாசித்தார். அது திட்டத்தில் இல்லாதது. நன்றாக அமைந்தது.

மண்டபத்து நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை எல்லா இலக்கியக் கூட்டமும் போலத்தான். ஒரு பேச்சாளர் நீட்டினார். சாப்பாடு நன்றாக இருந்தது. அதைவிட, நாங்கள் அழைத்திருந்த ரயில்வே ஓய்வூதியர்கள் பேசிய ஒரு மணி நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதில் ஒருவர் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய தண்டவாளக் காலத்தில் வேலை பார்த்தவர். ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வராது என்பதற்கு அத்தாட்சியாக டிரைவர் கையில் ஒரு டோக்கன், இரும்புப் பந்து. ஸ்டேஷனில் உள்ள கருவி ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் வெளியே விடும். அதைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, நிற்காமல் போகும் வண்டியில் கைநீட்டிக் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். மழை நாளில் அது முழங்கையில் அடிக்கும் அடியை அவர் நடித்தே காட்டினார். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு என்ஜின். முன் டிரைவரும் பின் டிரைவரும் விசில் சத்தத்திலேயே பேசிக்கொள்வார்களாம். 2010-ல் அந்தப் பாதை அகலப்பாதைக்காக மூடப்பட்டது, 2018-ல்தான் மறுபடி முழுமையாகத் திறந்தார்கள். நடுவில் போன எட்டு வருடத்தைப் பற்றிக் கேட்டோம். "அதை விடுங்க" என்று டோக்கனுக்கே திரும்பிவிட்டார்.

"இதை எழுதிக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டேன். "எழுத்து உம்ம சோலி. நான் சொல்லுதேன், நீரு எழுதும்" என்றார். அனுமதி வாங்கிப் பதிவு செய்திருக்கிறோம். தட்டச்சு வேலை மெதுவாக நடக்கிறது, அவர் சொல்லும் பாதிச் சொற்கள் எங்களுக்குப் புரியாததால் அடிக்கடி போன் போட வேண்டியிருக்கிறது.

அடுத்த விழாவைச் செங்கோட்டையிலிருந்து புனலூர் வண்டியில் வைக்கலாம் என்று ஒரு தரப்பு, குகைக்குள் போனால் ஒரு வரியும் கேட்காது என்று இன்னொரு தரப்பு. குற்றால சீசன் முடிந்து வண்டியில் கூட்டம் குறைந்த பிறகுதான் எதுவும் செய்ய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒரே கருத்து.