நம் டிஸ்க்கிலிருந்து நாமே எடுக்கும் காப்பி

போன வாரம் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். அலமாரியில் இருந்த பழைய கேம் டிஸ்க்குகளையும் பக்கத்தில் இருந்த ஹார்டு டிஸ்க்கையும் பார்த்துவிட்டு, "அண்ணா, இதெல்லாம் காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா? அது சட்டப்படி தப்பாச்சே, யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரே" என்றான். அடுத்த நிமிடமே, "சரி, அந்த கார் ரேஸ் கேமை மட்டும் என் பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்கண்ணா" என்றும் கேட்டான். இரண்டிலும் அவன் நினைத்தது தலைகீழ். முதலாவது தப்பில்லை, இரண்டாவதுதான் தப்பு. அவனிடம் அன்று பேசியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் சென்னையை ஒட்டிய முடிச்சூரில் தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது கட்டில், பீரோ, புத்தகங்கள் எல்லாமே சேற்றில் கிடந்தன. ஒரு அட்டைப் பெட்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாலைந்து வருடச் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கிய ஏழு கம்ப்யூட்டர் கேம்கள் இருந்தன. எல்லாம் ஒரிஜினல். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஐம்பது ரூபாய் டிஸ்க் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் பணம் சேர்த்து வாங்கியவை. துடைக்கத் துடைக்க மணல் கீறியது, சிலவற்றில் மேல் பூச்சே உரிந்து வந்தது, சீரியல் எண் அச்சிட்டிருந்த கையேடுகள் கூழாகிவிட்டன. ஆனால் அதில் நான்கு கேம்களை 2009-லேயே ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக) எடுத்து, சீரியல் எண்ணையும் ஒரு கோப்பில் தட்டச்சு செய்து, திருச்சியில் அண்ணன் வீட்டில் இருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தேன். அந்த நான்கும் பிழைத்தன. மற்ற மூன்றில் காப்பித் தடுப்பு, அதாவது பிரதி எடுக்க விடாத ஒரு மென்பொருள் பூட்டு, இருந்ததால் அன்றைக்கு என்னால் எடுக்க முடியவில்லை. அவை போனது போனதுதான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, பிரிவுகளைப் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் பிரிவு 52 என்பது எதெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்லும் பகுதி. அதில் 52(1)(ஏஏ), கம்ப்யூட்டர் புரோகிராமின் ஒரு பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அந்தப் பிரதியிலிருந்து, இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும் பேக்கப் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. எந்தப் பயன்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காக மட்டும்தான் அதை உபயோகிக்க வேண்டும். இதை முதல்முறை படித்தபோது முடிச்சூர் வீட்டுச் சேறுதான் கண்ணில் வந்தது. இழப்பு, அழிவு, சேதம் என்ற மூன்று சொல்லும் எங்கள் வீட்டுக்கே எழுதியது போல இருந்தது.

அமெரிக்காவில் இதே கேள்வி 1983-லேயே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. அட்டாரி நிறுவனத்தின் 2600 என்ற கேம் மெஷினில் செருகும் கார்ட்ரிட்ஜ்களை (கேம் பதிந்த சிறு பெட்டிகளை) வீட்டிலேயே காப்பி எடுக்க ஒரு கருவியை ஜேஎஸ் அண்ட் ஏ என்ற நிறுவனம் விற்றது, அட்டாரி வழக்குப் போட்டது. அமெரிக்கச் சட்டத்திலும் பிரிவு 117 பேக்கப்பை அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதி இயந்திரக் கோளாறாலோ மின்கோளாறாலோ அழியக்கூடிய பிரதிகளுக்குத்தான், கார்ட்ரிட்ஜுக்கு அந்த ஆபத்து இல்லை என்று சொல்லி, கருவியை விற்கக் கோர்ட் தடை போட்டது. நம் சட்டத்தில் அப்படி எந்தக் காரணத்தால் சேதம் என்று பிரித்துப் பார்க்கும் வார்த்தையே இல்லை. வெள்ளமோ எலியோ குழந்தையின் கையோ, சேதம் சேதம்தான்.

யூடியூப்காரர் சொன்னது எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் 1998-இல் வந்த அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து. அதன்படி காப்பித் தடுப்பை உடைப்பதே தனித் தவறு, உடைத்தது எதற்காக என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. 321 ஸ்டுடியோஸ் என்ற நிறுவனம் டிவிடிக்கும் கேமுக்கும் பேக்கப் எடுக்கும் மென்பொருள் விற்று, வழக்குகளில் மாட்டி 2004-இல் இழுத்து மூடியது. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் அதை அப்படியே தமிழில் மொழிபெயர்த்து நமக்கும் இதுதான் சட்டம் என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவைக்கிறது. நம் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்த்த 65ஏ பிரிவு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம், இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காக உடைத்தால் இந்தப் பிரிவு தடுக்காது என்றும் அதிலேயே இருக்கிறது. நோக்கம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2000-களில் வந்த ஏராளமான கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்புக் காரணத்துக்காக அதன் டிரைவரை (அந்தப் பூட்டு இயங்கத் தேவையான சிறு மென்பொருளை) ஏற்க மறுத்தது, அதே வருடம் பழைய விண்டோஸ்களுக்கும் அதை முடக்கும் அப்டேட் வந்தது. அதாவது கீறலே இல்லாத ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டாலும் கேம் திறக்காது. காசு கொடுத்து வாங்கியவர் அந்தப் பூட்டைத் தாண்டித் தன் கேமைத் தானே ஆடினால் அதில் யாருடைய உரிமையை மீறும் நோக்கம் இருக்கிறது? என் வாசிப்பில் எதுவும் இல்லை.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கேம் என்பது புரோகிராம் மட்டுமா? படம், இசை, கதை எல்லாம் சேர்ந்ததுதானே. நிண்டெண்டோ என்ற கேம் நிறுவனத்துக்கும் பிசி பாக்ஸ் என்ற இத்தாலிய நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் இதைத்தான் சொன்னது. வீடியோ கேம் வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம் கிடையாது, அதன் கலைப் பகுதிகளுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு என்று. அதே வாதத்தை இங்கே யாராவது வைத்தால்? நான் பிரிவு 52(1)(ஏ)-வைக் காட்டுவேன். கம்ப்யூட்டர் புரோகிராம் தவிர்த்த எந்தப் படைப்பையும் சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் கையாளலாம் என்று அது சொல்கிறது. புரோகிராம் பகுதிக்கு ஒன்று, மற்றதற்கு இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் முழு கேமும் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் தம்பியின் பென்டிரைவ் விஷயம். சட்டத்தில் "அந்தப் பிரதியிலிருந்து" என்று இருக்கிறது பாருங்கள், அதைத் தாண்டிப் போகவே முடியாது. காப்பி என் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும், என் உபயோகத்துக்கே இருக்க வேண்டும். அவனுக்குக் கொடுத்த நொடியில் அது பேக்கப் இல்லை. "என்கிட்ட கார்ட்ரிட்ஜ் இருக்கு, அதனால ரோமை நெட்ல இறக்கலாம்" என்பவர்களுக்கும் (ரோம் என்பது கார்ட்ரிட்ஜில் இருக்கும் கேமின் கோப்பு வடிவம்) இதே பதில்தான், இறக்கியது வேறு யாரோ எடுத்த காப்பி. 24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் பரவாயில்லை என்று சில தளங்களில் எழுதியிருப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. மீறல் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் 63பி பிரிவில் குறைந்தது ஏழு நாள் சிறை என்று இருக்கிறது. லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்குச் சிறை இல்லாமல் ஐம்பதாயிரம் வரை அபராதத்தோடு விடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஒரிஜினலை விற்றால் காப்பியையும் அழித்துவிட வேண்டும் என்பதையும் அவனிடம் சொன்னேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் சட்டப்படி வைத்திருப்பவன் இல்லை.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. அந்த கேம் இப்போது டிஆர்எம், அதாவது காப்பித் தடுப்புப் பூட்டு, இல்லாமல் விற்பனைக்கு இருக்கிறதா என்று ஜிஓஜி (GOG) என்ற கேம் விற்கும் தளத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அங்கே வாங்கினால் இன்ஸ்டாலரையே இறக்கி நம் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது, "அப்ப இந்த வீணாப்போன டிஸ்க்கை எல்லாம் ஏண்ணா இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். என் மனைவியும் வருடா வருடம் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது இதையே கேட்பாள். அந்த நான்கு காப்பிகளும் எதிலிருந்து வந்தவை என்று காட்ட இன்றைக்கு என்னிடம் இருப்பது சேறு படிந்த அந்த டிஸ்க்குகள் மட்டும்தான். பில் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது.