செனட் ஹவுஸுக்குள் ஒரு பிற்பகல்

காமராசர் சாலையில் பேருந்தில் செல்லும்போதெல்லாம், சேப்பாக்கத்தை நெருங்கியதும் என் பார்வை கடலை விட்டு மேற்கே திரும்பிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் அங்கே நிற்கிறது. நான்கு மூலைகளிலும் குவிமாடக் கோபுரங்கள் கொண்ட அந்தச் செங்கல் கட்டடத்தைப் பல ஆண்டுகளாகச் சன்னல் வழியே மட்டுமே பார்த்திருந்தேன். 2019 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த ‘சென்னை போட்டோ பியன்னாலே’ என்னும் ஒளிப்படத் திருவிழாவின் இரண்டாம் பதிப்புக்கு அது காட்சிக்கூடமாகிறது என்று அறிந்ததும், ஆற்காட்டிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு சென்றேன்.

அப்பா இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. ஆனால் அவருடைய பட்டம் தபாலில்தான் வீட்டுக்கு வந்தது. பட்டமளிப்பு விழாவுக்காகச் சென்னை வந்து போகும் செலவு அன்றைய குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே படியேறும்போது அவர் செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கி நின்றதில் எனக்கு வியப்பில்லை.

கலைஞர் புஷ்பமாலா தொகுத்தளித்த அந்தக் கண்காட்சியை நாங்கள் நிதானமாகவே சுற்றினோம். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே படம் பார்ப்பது வேறு. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் ஓவியம் தீட்டிய தூண்தலைகளும் சூழப் படம் பார்ப்பது வேறு. ஒரு படத்தின் முன் நிற்கும்போதே கண் மேலே ஓடிவிடுகிறது. இதைக் குறையாகச் சிலர் சொல்லக்கூடும். எனக்கோ, இந்த இடத்தில் வைத்ததால்தான் படங்களுக்கு ஒரு வயது கூடியதாகத் தோன்றியது.

அதற்குக் காரணமும் உண்டு. சென்னைக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1850-இல் இங்கே கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், 1856-இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவாகவும் காரணமாக இருந்தார். மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுப்படிகளை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். ஹண்டர் தொடங்கிய பள்ளியின் தலைமைப் பொறுப்பைப் பின்னாளில் ஏற்றவர்தான் ராபர்ட் சிஷோம்; 1870-களில் செனட் ஹவுஸை வடிவமைத்துக் கட்டிய அதே சிஷோம்.

படங்களை முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தோம். பருத்த கருங்கல் தூண்களின் குளிர்ச்சியில் அப்பா உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அருகிலுள்ள சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக எழுந்தது என்பதையும், அதன் சாயலுக்கு இசைவாகவே சிஷோம், இந்திய, இஸ்லாமியக் கட்டட மரபுகளை ஐரோப்பிய முறையோடு இணைத்த இந்தோ-சாரசெனிக் பாணியில், கிழக்கு ரோமானியப் பேரரசின் பைசாந்தியக் கூறுகளையும் கலந்து இதைக் கட்டினார் என்பதையும் சொன்னேன். “அப்படின்னா இதுல எங்க ஊருக்கும் பங்கு இருக்குப்பா” என்றார், முகம் மலர. 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் இந்த மண்டபத்தில் கூடியது என்று சொன்னபோது, திரும்ப உள்ளே போய் அந்த மண்டபத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

இத்தகைய கட்டடம் கண்காட்சி நாள்களில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும், வாரத்தில் ஒரு நாளாவது, யார் வேண்டுமானாலும் படியேறிப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் படங்களைவிடக் கூரையையே அதிகம் பார்த்தார்கள்.

புறப்படும் முன் கைப்பேசியை எடுத்து, அப்பாவைப் படிக்கட்டில் நிற்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். “நான் வேணாம்பா. அந்தத் தூணையும் கண்ணாடிச் சன்னலையும் எடு. அத்தைக்கு அனுப்பணும்.” தையல் தைத்துச் சேர்த்த பணத்தில் அவருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியவர் என் அத்தை. வெளிச்சம் சாய்வதற்குள் ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன்.