எல்லாம் சேர்த்துத்தான்

"இது எல்லாம் சேர்த்த விலைதானே அண்ணன்?" என்று கேட்டேன்.

"ஆமாம் தம்பி, எல்லாம் சேர்த்துத்தான்" என்றார்.

தொலைபேசியில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 2021 நவம்பரில் ஓர் இரவு, மணி பத்தரை இருக்கும். ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் விலை கணிப்பவன் நான். அவர் கொங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் உப ஒப்பந்தக்காரர். மறுநாள் பிற்பகல் 2 மணிக்குக் கேள்விப் பெட்டியை, அதாவது விலைமனு உறைகளைப் போடும் பெட்டியை, மூடிவிடுவார்கள். அவர் சொன்ன விலையைச் சதுர மீற்றருக்கு மாற்றிப் பட்டியலில் ஏற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். நான் அன்று கேட்டது கேள்வியா, அல்லது கேட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்வதற்காக ஒப்புக்குக் கேட்டதா?

பத்தரமுல்லைப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். நான்கு மாடி, அதை ஒட்டினாற்போல் ஒரு மண்டபம். மாடிகளில் தளத்துக்குத் தளம் உயரம் பத்து அடிதான். மண்டபத்தின் கூரைத்தளம் மட்டும் இருபத்துநான்கு அடி உயரத்தில் இருந்தது. கொங்கிரீட் வார்ப்பதற்கு முன் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். பத்து அடிக்கு இரும்பு முட்டு போதும். இருபத்துநான்கு அடிக்கு அது எட்டாது. தரையிலிருந்து சாரம் கட்டி எழுப்பி, குறுக்குக் கம்பிகளால் இறுக்கி, அதன்மேல் பலகை போட வேண்டும். அந்தச் சாரத்தை வாடகைக்கு எடுத்தாக வேண்டும், ஏற்றி இறக்க ஆட்கள் வேண்டும், நாட்களும் கூடும். வேலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒவ்வொரு வேலையையும் அதன் அளவையும் வரி வரியாகக் காட்டுவது அளவைப் பட்டியல். எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் இது தெளிவாகவே இருந்தது. கட்டட வேலைகளை அளப்பதற்கான இலங்கைத் தரநிலையான எஸ்.எல்.எஸ். 573 முறைப்படி அளந்து, முட்டின் உயரத்துக்கு ஏற்பத் தனித்தனி வரிகளாகப் பிரித்திருந்தார்கள். அதைத் தயாரித்த கணிய அளவையாளர் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தார். அந்த வரிகளைச் சேர்த்து ஒன்றாக்கியவன் நான். உப ஒப்பந்தக்காரர்களுக்கு ஆங்கிலப் பட்டியலை அப்படியே அனுப்பினால் அவர்களுக்கு விளங்காது என்பதற்காக, ஒரு பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வழக்கம். "தளங்களுக்குப் பலகை அடித்தல், மொத்தம் இவ்வளவு சதுர அடி" என்று ஒரே வரியாக எழுதினேன். கூடவே கிடைப்படங்களை அனுப்பினேன். கிடைப்படத்தில் நீளமும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. உயரத்தைக் காட்டும் வெட்டுமுகப் படம் பெரிய கோப்பாக இருந்ததால் அனுப்பவில்லை.

அதுவரை நடந்தது கவனக்குறைவு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் உறுதியில்லை.

அவருடைய விலை சதுர அடிக்கு 165 ரூபாய் என்று வந்தது. மற்ற இருவரின் விலையும் இருநூறுக்கு மேல். 165 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "இவர் மண்டபத்தைப் பார்க்கவில்லை" என்று மனதுக்குள் ஒரு வாக்கியமாக அது ஓடியது. அதன் பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். அழைக்காமலே விட்டிருந்தால் அதை மறதி என்று சொல்லியிருக்கலாம். நான் அழைத்தேன். அழைத்து, "மண்டபத்தின் உயரத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்காமல், "எல்லாம் சேர்த்ததுதானே?" என்று கேட்டேன்.

அந்தச் சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. எந்த அளவைப் பட்டியலின் முன்னுரையை எடுத்துப் பார்த்தாலும், குறிப்பிடப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலையை முடிப்பதற்கு வேண்டிய அனைத்தும் வீதத்தில் அடங்கியிருப்பதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வாசகம் இருக்கும். கட்டடத்தின் உரிமையாளர் அதை எங்கள் தலையில் வைக்கிறார். நாங்கள் உப ஒப்பந்தக்காரரின் தலையில் வைக்கிறோம். அவர் யார் தலையில் வைப்பார்? நாட்கூலிக்கு வரும் பையன்களிடம் அப்படி ஒரு வாசகத்தைக் காட்ட முடியாது. அவர்களுக்கு மாலையில் காசு கொடுத்தாக வேண்டும்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு தங்கி வேலை எடுத்தார். அவர் அடித்த பலகையைப் பிரித்த பிறகு கொங்கிரீட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் மேசைப் பலகை போல வழுவழுப்பாக இருக்கும். பூச்சு மெல்லியதாகவே போதும். பலகைகளின் இணைப்பில் சீமெந்துப் பால் வழியாமல் இருக்கக் கடதாசி நாடாவை ஒட்டி, விரல் நகத்தால் ஒரு தடவை கீறி அழுத்துவார். அந்த நகக்கீறலின் தடம் பின்னர் கொங்கிரீட்டில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அவர் ஆட்கள் செய்ததையும் வேறு ஆட்கள் செய்ததையும் அந்தக் கோட்டை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவேன்.

மறுநாள் 2 மணிக்குப் பெட்டி மூடியதும் எங்கள் முன்னிலையிலேயே உறைகளைப் பிரித்து விலைகளை வாசித்தார்கள். நாங்கள்தான் குறைந்த விலை. எங்களுக்கு அடுத்தவரைவிட 13 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் குறைவு. அந்தத் தொகையை என் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன். அலுவலகத்துக்குத் திரும்பியபோது முதலாளி என் தோளைத் தட்டினார். அன்று உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தேன். அதை மறைப்பதில் பயனில்லை.

2022 பெப்ரவரியில் வேலை தொடங்கியது. மார்ச்சில் ரூபாய் சரிந்தது. டொலர் ஒன்று இருநூறு ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் முந்நூற்று அறுபதுக்கு வந்து நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. நாங்கள் விலை கணித்தபோது ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்த சீமெந்து மூடை, ஆண்டின் நடுவில் மூவாயிரத்தை ஒட்டி நின்றது. டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் கிடந்தன. வேலைத்தளத்தில் வேலை மாதக்கணக்கில் நின்றது. எங்கள் ஒப்பந்தத்தில், நிர்மாணத் துறைக்கான அரச அதிகாரசபையான சீடாவின் விலைமாற்றச் சூத்திரம் இருந்தது. அதன் தலையில் நிற்கும் 0.966 என்ற பெருக்கெண்ணை எத்தனை இரவுகள் அழுத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விஜேராம வீதியில் சீடா இருக்கும் சவ்சிரிபாயவிலிருந்து மாதாந்தக் குறியீட்டெண்கள் வந்ததும் கணக்கிட்டு, எங்கள் இழப்பில் ஒரு பகுதியையாவது கோர எங்களுக்கு வழி இருந்தது. அவருக்கு இருந்தது சதுர அடிக்கு 165 ரூபாய், அதுவும் வாய்ச்சொல்லில். பேசி அதைக் கொஞ்சம் உயர்த்தினோம். பலகையும் ஆணியும் ஏறிய வேகத்துக்கு அது எந்த மூலைக்கும் போதவில்லை.

மண்டபத்துத் தூண்கள் இரண்டாம் கட்டமாக உயர்ந்தபோதுதான் அவர் கண்டுகொண்டார். நான் அன்று வேலைத்தளத்துக்குப் போயிருந்தேன். தூண்களின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வந்தார்.

"தம்பி, இது இரண்டு மாடி உயரமா?"

"ஆமாம் அண்ணன். வெட்டுமுகப் படத்தில் இருக்கிறது."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

"பரவாயில்லை அண்ணன், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

பிழை செய்தவரைப் பார்த்து, பிழையில்லாதவர் சொல்கிற வார்த்தை அல்லவா "பரவாயில்லை"? அவர் என் பிழையைத் தன் பிழையாக எடுத்துக்கொண்டார். நான் அவரை மன்னித்து அனுப்பினேன். அந்த வெட்டுமுகப் படத்தை அவருக்கு நான் அனுப்பவே இல்லை என்பதைச் சொல்ல அந்த இடத்தில் இரண்டு வாக்கியங்கள் போதும். பக்கத்தில் எங்கள் தளப் பொறியியலாளர் நின்றார் என்பதைத் தவிர, நான் அதைச் சொல்லாமல் விட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு கேட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். அதில் "படங்களைப் புரிந்துகொள்வதில் ஏற்பட்ட தவறு காரணமாக" என்று எழுதியிருந்தேன். யாருடைய தவறு என்று எழுதவில்லை. இரண்டு இலட்சம் கிடைத்தது. அவர் வேலையை விட்டுவிட்டு ஓடவில்லை. பேலியகொடையிலிருந்து சாரம் வாடகைக்கு எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, மண்டபத்தை முடித்துக் கொடுத்தார். பலகை பிரித்த அன்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் நகக்கீறல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய ஆட்களில் பாதிப்பேர் கட்டாருக்குப் போனார்கள். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நெருக்கடி அவரை எப்படியும் வீழ்த்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பொய் இல்லை. மண்டபமே இல்லாத வேலைகளை எடுத்தவர்களும் அந்த ஆண்டில் வீழ்ந்தார்கள். சரியான விலையைப் போட்டிருந்தால் வேலையே எங்களுக்குக் கிடைத்திருக்காது, அவருடைய ஆட்களுக்கும் அத்தனை மாத உழைப்பு இல்லாமல் போயிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டாவது வாதத்தில்தான் நெடுநாள் சாய்ந்து நின்றேன்.

ஒரு நாள் அதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதுவரை ஏன் கணக்கிடவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை. கணக்கிடுவதுதான் என் தொழில். மண்டபத்தின் தளம் 24 மீற்றருக்கு 18 மீற்றர், 432 சதுர மீற்றர், அதாவது 4,650 சதுர அடி. அவ்வளவு உயரத்துக்கு அன்றைய நிலையில் சதுர அடிக்கு இன்னும் 150 ரூபாய் கூட்டிக் கேட்டிருப்பார். 697,500 ரூபாய். விட்டங்களின் பக்கங்களுக்கு ஓர் இரண்டு இலட்சம் சேர்ப்போம். நிறுவனத்தின் பொதுச் செலவான மேந்தலையும் இலாபமுமாக 15 சதவீதம் ஏற்றினாலும் பத்தரை இலட்சத்தைத் தாண்டவில்லை. குறிப்பேட்டின் பின்னட்டையைத் திருப்பினேன். 13 இலட்சத்து 40 ஆயிரம்.

சரியான விலையைப் போட்டிருந்தாலும் வேலை எங்களுக்குத்தான் கிடைத்திருக்கும்.

இதைப் படிப்பவர்களில் விலை கணிப்பவர்கள் இருந்தால், அந்த இரவில் மற்றவர்களின் விலை எனக்குத் தெரியாதே என்பார்கள். உண்மைதான். பெட்டி திறக்கும் வரை எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் ஐந்து ரூபாய் கூடிவிடுமோ என்ற பயத்தில்தான் அந்தக் கடைசி இரவு கழிகிறது. அந்தப் பயத்தோடு இருந்தவனைப் பின்னால் தெரியவந்த எண்ணை வைத்துத் தீர்ப்பது நியாயமில்லை என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மற்றவர்களின் விலை தேவைப்படவில்லை.

இப்போது நான் எவருக்கும் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் அனுப்புவதில்லை. வெட்டுமுகப் படம் எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் சேர்த்தே அனுப்புகிறேன். சுருக்கத்தில் உயரத்துக்கென்று ஒரு நிரலும் போட்டிருக்கிறேன். இது போதும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் இராஜகிரியவில் ஒரு வேலைக்கு விலை கொடுத்தோம். உட்கூரை போடுகிற ஓர் இளைஞரின் விலை மற்றவர்களுடையதைவிட மிகவும் தாழ்ந்து வந்தது. இரவு பத்து மணிக்கு அவரை அழைத்தேன்.

"வெட்டுமுகப் படத்தைப் பார்த்தீர்களா தம்பி?"

"பார்த்தேன் சேர்" என்றார். அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு சிறு தயக்கம் இருந்தது. எனக்கு அது நன்றாகக் கேட்டது. அந்தப் பத்தரமுல்லை மண்டபத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். எந்தப் பக்கம், எந்தப் படம், எத்தனை அடி என்று எண்ணைச் சொல்லியே கேட்டிருக்கலாம். "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டு, அவருடைய விலையை ஏற்றினேன்.

உறைகளைப் பிரித்தபோது நாங்கள் மூன்றாவது. அலுவலகத்தில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கு வந்தது நிம்மதி. அந்த விலை சரியா பிழையா என்பது இனித் தெரியவராது.